ரப்பர் கையும் தங்கை மேடமும்

மார்ச் 3, திங்கள்

குட்டியை எங்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி என் சொந்தத் தங்கையை நான் "மேடம்" என்று கூப்பிட வேண்டும். என்னைவிட ஒன்றரை வயது சின்னவள். இன்று பெரிய டாக்டர் முன்னால் பழக்கதோஷத்தில் "குட்டி" என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். நர்ஸ் அக்கா இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். குட்டி நிமிரவே இல்லை. "மூணாம் கட்டிலுக்கு ரத்தம் எடுத்துடுங்க, டாக்டர்" என்றாள். டாக்டராம், 'ங்க'வாம். 

நாலே மதிப்பெண்ணில் இங்கே மெடிக்கல் காலேஜில் எனக்கு இடம் போனது. ஆறு வருடம் வெளிநாட்டில் படித்தேன். திரும்பி வந்து, இங்கே வேலை பார்ப்பதற்கான தகுதித் தேர்வை மூன்றாம் தடவைதான் தாண்டினேன். அவள் இங்கேயே இடம் கிடைத்து, இங்கேயே படித்து, இப்போது வார்டு டாக்டர். நான் பயிற்சி டாக்டர். சர்ஜரி வார்டில் என் மூன்று மாதம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மேடம் என்னைப் பற்றிக் குறிப்பு எழுத, அதைப் பார்த்துப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் முதலிலிருந்து இன்னொரு மூன்று மாதம், இதே மேடத்தின் கீழே.

மார்ச் 5, புதன்

மூன்றாம் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இரண்டு தடவை குத்தினேன், இரண்டிலும் ரத்தம் வரவில்லை. "பரவால்லம்மா, பொறுமையா எழுது" என்றார். பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் வியர்த்தது. குட்டி வந்தாள். யாருடனோ போனில் பேசிக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிட்டுப் போனாள்.

நான் படித்த இடத்தில் எங்களுக்கு ஒரு ரப்பர் கை வைத்திருந்தார்கள். விரல் தடிமனுக்கு நரம்பு. அது நழுவாது, "ஸ்ஸ்" என்று சொல்லாது. அதில் நான் வகுப்பிலேயே முதல். இதைப் போய் இவளிடம் ஒருநாள் பெருமையடித்திருக்கிறேன், என் வாய்தான் எனக்கு எதிரி.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் பழகலாம் என்று ஊசியோடு உட்கார்ந்தேன். ஆறு வருடமாக "என் பொண்ணு வெளிநாட்டு டாக்டர்" என்று என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அப்பா, இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா சொன்னது: "உனக்காக உசிரையே குடுப்பேன்டி. கையை மட்டும் கேக்காதே."

அத்தை போனில் வந்தார். அவர் பெண்ணை டாக்டருக்குப் படிக்க எங்கே அனுப்பலாம், அங்கேயா இங்கேயா என்று கேட்டார். அங்கே கட்டடமெல்லாம் பிரமாதம் என்று அப்பா ஆரம்பித்தார். குட்டி போனைப் பிடுங்கினாள். "இங்க நோயாளி இருப்பாங்க, சொல்லித்தர ஆள் இருக்காது அத்தை. அங்க சொல்லித்தர ஆள் இருக்கும், நோயாளி இருக்க மாட்டாங்க." ரெண்டும் இருக்கிற இடம் எது என்று அத்தை கேட்டார். அம்மா போனை வாங்கி, அங்கே மழையா என்று விசாரித்தார்.

மார்ச் 14, வெள்ளி

இன்று நாலு பேரில் மூன்று பேருக்கு ரத்தம் வந்தது. நாலாமவரைவிட எனக்குத்தான் அதிகம் வலித்தது.

மார்ச் 18, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் அக்காவிடம் நான் படித்த இடத்து நடிகர்களைப் பற்றி உளறிவிட்டேன். அங்கே நோயாளிகள் பேசும் பாஷை எங்களுக்கு அரைகுறை. அதனால் எங்கள் பாடமொழி தெரிந்த ஆட்களை நோயாளியாக நடிக்க வைப்பார்கள். நாங்கள் விசாரித்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு மட்டும் பதினோரு வியாதி. குடல்வால் வலிக்கு வலப்பக்கம் பிடிக்க வேண்டியவர், ஒருநாள் மறந்துபோய் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புரண்டார். அவரே தேர்வு முடிந்ததும் எனக்கு ரகசியம் சொன்னார்: கத்துவது எங்களைப் போல நடிக்கிறவர்கள்தான், நிஜமாக வலிக்கிறவன் அசைவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வான் என்று.

மாலைக்குள் வார்டு முழுக்க என் பெயர் "நாடக டாக்டர்". பரப்பியது யார் என்று நான் விசாரிக்கவே தேவையில்லை. மேடத்தின் உதடு ஓரமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 20, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எட்டாம் கட்டிலில் ஒரு தச்சர். முந்தாநாள் வயிற்றுவலி என்று வந்தார். ஸ்கேனில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இன்று காலை வலி சுத்தமாக இல்லை என்றார். குட்டி டிஸ்சார்ஜ் எழுதிவிட்டாள். டிரிப் ஊசியை எடுக்க நான் போனேன். கலகலவென்று பேசினார். ஆனால் முழங்காலை மடக்கியபடியே படுத்திருந்தார். பையை எடுக்கத் திரும்புவதற்கு முன்னால் – மூச்சைப் பிடித்தார்.

வீட்டில் என்ன அவசரம் என்று கேட்டேன். பன்னிரண்டு கதவு மாட்ட வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

குட்டியிடம் போனேன். "மேடம், எட்டாம் கட்டில் நடிக்கிறார்."

"வலிக்குதுன்னு நடிப்பாங்க. வலிக்கலைன்னு யாராவது நடிப்பாங்களா? வெளியில நாப்பது பேர் நிக்கறாங்க. உன் நாடகத்தை அப்புறம் வெச்சுக்கோ."

எல்லார் முன்னாலும் சொன்னாள். திரும்பிப் போயிருக்கலாம். மாதக் கடைசி வேறு, குறிப்பு இவள் கையில். என் கணிப்பு தப்பானால்? இன்னும் மூணு மாசம் இவகிட்ட யாரு குப்பை கொட்டறது? ஆனால் அந்த மூச்சை என் கண்ணால் பார்த்தேனே!

"என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ குட்டி. அவரை ஒரே ஒரு தடவை நுனிக்கால்ல நின்னு குதிகாலை டொப்புன்னு போடச் சொல்லு. அந்த அதிர்ச்சியில வயிறு பொய் சொல்லாது."

வந்தாள். தச்சர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார். குதிகால் தரையில் பட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது. குட்டி வயிற்றில் கை வைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். குடல்வால் வெடித்திருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது தச்சர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "நல்லாத்தானே நடிச்சேன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. மூச்சை மட்டும் கோட்டை விட்டுட்டீங்க."

மார்ச் 21, வெள்ளி

தச்சர் பிழைத்துக்கொண்டார். குட்டிதான் சாப்பிடவில்லை. நேற்று முழுக்க அவளைக் குத்திக்காட்ட நல்ல நல்ல வசனமாகச் சேர்த்து வைத்திருந்தேன். மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "நான் அனுப்பியிருப்பேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே.

வசனங்களை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாப்பது பேர் நின்னா நானும் அனுப்பியிருப்பேன்" என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதல்ல, நிஜம். நேற்று எனக்கு ஒரே ஒரு ஊசிதான் வேலை. அதனால்தான் அவர் மூச்சைப் பார்க்க நேரம் இருந்தது. அவளுக்குக் கிடைத்த இடத்தை நினைத்து ஏழு வருடம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த இடம் அவளை என்ன பாடு படுத்துகிறது என்று இன்றுதான் கேட்டேன்.

மார்ச் 31, திங்கள்

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஏப்ரல் முழுக்க காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்று கை பழக வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த வார்டு. காரணம், மேடத்தின் குறிப்பு: "ரத்தம் எடுத்தல் – போதாது."

பாவி! ஒரு உயிரைக் காப்பாத்திக் குடுத்திருக்கேன், ஒரு "பரவாயில்லை"ன்னு எழுதக்கூடாதா? அவளோடு வராமல் தனியாக பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பிறகு நகலை எடுத்து அடுத்த வரியைப் படித்தேன். "நோயாளியைக் கவனித்தல் – என்னைவிட நன்று."

என்னைவிட. நான் அவளைவிட ஒரு அங்குலம் உயரம் என்பதையே இன்றுவரை ஒத்துக்கொள்ளாதவள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று இருபத்தாறு பேர். இருபத்திரண்டு பேருக்கு முதல் குத்திலேயே வந்தது.

இன்னும் ஆறு பேர் வரிசையில் இருக்கும்போது குட்டி உள்ளே வந்தாள். ஐந்தாம் கட்டில் அம்மா ஒன்றுமே இல்லை என்கிறாராம், அவளுக்கு நம்பிக்கை வரவில்லையாம். "நீ போய் ஒரு தடவை பாரு. இதை நான் எடுக்கறேன்" என்று சொல்லி, என் நாற்காலியில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டாள்.

போனேன். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன், நடக்க வைத்தேன், இருமச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, வீட்டுக்கு அனுப்பலாம் என்றேன். குட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் பேனாவைத் திறந்து டிஸ்சார்ஜ் எழுதினாள்.