எட்டாவது இலை

கஜா பேராங், மலாக்கா
போகி கழிந்த நாலாம் நாள், 1944

அன்பு மகன் நடராஜனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி சீதாவும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று சுகமாகவே இருக்கிறோம், ஈப்போவில் நீ சுகமாக இருக்க மாரியம்மாள் கண் திறக்கட்டும். இதைத் தபாலில் போடவில்லை, லாரி ஓட்டும் ஜெயபாலன் கையில் கொடுத்திருக்கிறேன், படித்ததும் அடுப்பில் போடு. போன மாதம் உன் கடிதம் வந்தபோது உறையின் வாய் புதுக் கஞ்சிப் பசையில் ஒட்டியிருந்தது, எவனோ பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறான். அதில் நீ எழுதியிருந்தது என்ன, படக்கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தன்னந்தனியாகக் கேமரன் மலைக்காட்டில் கித்தான் கூடாரம் அடித்து நாலு நாள் தங்கி, பனி இறங்குவதைப் படம் பிடித்தேன் என்று. பனியை எவனாவது படம் பிடிப்பானாடா? நானே நம்பவில்லை, ஜப்பான்காரன் நம்புவானா? சண்டைக்கு முன்னால் நம் டவுனில் படக்கடை வைத்திருந்த ஜப்பான்காரனை மறந்துவிட்டாயா, புக்கிட் ரம்பாய் மேட்டிலும் கிளேபாங் கரையிலும் தனியாக நின்று அழகுக்காகப் பிடிக்கிறேன் என்றானே, பிறகு இடுப்பில் வாளோடு வந்து நின்றானே. மலையைப் படம் பிடிப்பது எதற்கென்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்களை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிற ஆட்களுக்கு நீ வழி எடுத்துக் கொடுக்கிறாயோ என்று எனக்கே சந்தேகம். உண்மை எதுவானாலும் எழுதாதே.

கடிதம் வந்த மூன்றாம் நாள், அரிசிப் பங்கீட்டுக் கணக்கு எழுதுகிற பிச்சை என்கிறவன் வாசலில் வந்து நின்று, என்னக்கா, தம்பி மலையில தனியா படம் புடிக்கிறானாமே, எப்ப வருவான் என்றான். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் ஜப்பான் போலீசுக்குக் காது என்பது தெருவுக்கே தெரியும். அடுத்த வாரமே, நீ மலைக் காய்ச்சலில் போய்விட்டாய், ஈப்போவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான் என்று கதை கட்டிவிட்டு, அவன் காது கேட்க ஒப்பாரி வைத்தேன். அவன் நம்பின மாதிரி இல்லை. செட்டி வீட்ல போகிக்குச் செத்தவங்களுக்கெல்லாம் இலை போடுவீங்கதானே, அன்னைக்கு வர்றேன்கா என்று சொல்லிப் போனான். உனக்கும் ஓர் இலை போட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். நீ ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், எங்கள் வழக்கம் உனக்கென்ன தெரியும், செத்தவர்களோடு உயிருள்ள பிள்ளையை உட்கார வைத்தால் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தன் செட்டி வீட்டுப் பேச்சான மலாயில் கத்தினார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகியன்று அவரே முன்னோர்களின் ஏழு இலைக்குப் பக்கத்தில் எட்டாவதை விரித்து, ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி அரிசியில் பொங்கிய சோற்றையும் கருவாட்டையும் உனக்கு வைத்தார். பிச்சை வந்தான், இலைகளை எண்ணினான், உன் இலைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஆகையால் மகனே, இந்த ஊரில் நீ செத்தவன். ஈப்போவை விட்டு வேறெங்காவது போ, பெயரை மாற்றிக்கொள், கேமராவைத் தலைமுழுகிவிடு, இவர்கள் தொலையும்வரை இந்தப் பக்கம் தலை காட்டாதே. ஈரத்தில் படுத்தால் உனக்கு நெஞ்சுச் சளி கட்டும், கம்பளி போர்த்திக்கொள். இலை போட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா சொன்னது பலித்துவிட்டிருந்தால் நான் என்ன செய்வேன்? ஜெயபாலன் திரும்பி வந்து, தம்பி நல்லாத்தான் இருக்குதுக்கா என்பான், என்னைத் தேற்ற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நான் நம்பமாட்டேன். நீ போட்டிருக்கிற சட்டையை வேர்வையோடு அப்படியே கழற்றி அவன் கையில் கொடுத்தனுப்பு.

நூறு வயசு இருப்பாய், மாரியம்மாள் உன் பக்கத்தில் நிற்பாள். மறந்துபோய்ச் சட்டையைத் துவைத்துவிடாதே.

உன் அம்மா
பாக்கியலட்சுமி