தேனீயின் வயிற்று இரும்பும் அக்காவின் மாத்திரையும்

10.8.87
காலையில் தூறல். தேன்பெட்டி இரண்டையும் திறக்கவில்லை. ஈரத்தில் திறந்தால் கொட்டும்.

சாயங்காலம் வெளிநாட்டு ரேடியோவில் தமிழ் அறிவியல் நிகழ்ச்சி. பாதி கரகரப்பு. கேட்ட வரை: தேனீ வயிற்றில் கொழுப்பு செல்களுக்குள் இரும்பு மணிமணியாகச் சேர்கிறது. புதிதாய்ப் பிறந்த ஈக்கு இல்லை. மகரந்தம் தின்னத் தின்னச் சேருமாம். அதில் காந்த இரும்பும் உண்டு, திசை கண்டுபிடிக்க உதவலாம் என்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை.

நெருப்பே இல்லாமல் செல்லுக்குள் கொல்லுப்பட்டறை. ரேடியோ நிலையத்துக்கு எழுத தபால் கார்டு வாங்க வேண்டும்.

12.8
மாவு மில். வரிசை நீளம். பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் சொன்னேன். சித்தப்பாவும் இருந்தார். எங்கள் தேனை பாப்பாரப்பட்டி சந்தையில் விற்பவர் அவர்தான்.

"ஏம்புள்ள, நெசமாவே இரும்பா?"

"நெசந்தான் சித்தப்பா. ரேடியோல சொன்னாங்க."

அப்புறம் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தால் எதையோ விற்கப் போகிறார்.

கார்டு மறந்துவிட்டேன்.

14.8
சந்தை. வெயில்.

ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு செத்த ஈ மிதக்கிறது. சித்தப்பா கூவுகிறார்: "இரும்புத் தேனுங்க. ரத்தம் ஊறும். சந்தேகமா இருந்தா உள்ள பாருங்க, ஈயே கெடக்குது."

இரும்பு ஈக்குள்ளதான், தேனில் இல்லை, அதுவும் தூசிக்குத் தூசி என்றேன்.

"ஊறுகாயில உப்பு எறங்கல? அது மாதிரிதான். நீ தள்ளு, ஆள் வருது."

எல்லாம் பெட்டி 1 ஈ. உயிரோடு பிடித்துப் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "கூட்டமாத்தானே இருக்குது, கொறஞ்சா போச்சு."

15.8
கொடியேற்றம். மிட்டாய்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரி நர்சம்மா இரும்பு மாத்திரை கொடுத்தார். இன்று அரிசி டின் பின்னால் அந்தப் பொட்டலம், அப்படியே. பக்கத்தில் சித்தப்பாவின் பாட்டில், பாதி காலி.

அம்மா: "மாத்திரை போட்டா வாந்தி. தேன் இனிக்குது. நீதான புள்ள ஊரெல்லாம் சொன்ன?"

நான் சொன்னதா இது? நான் சொன்னதா?

16.8
பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கினேன். எல்லோரையும் கூப்பிட்டேன். ஸ்பூனில் தேன். காந்தம் வைத்தேன். ஒன்றுமில்லை. காய்ந்த ஈ மேலும் வைத்தேன். அசையவில்லை.

"பாத்தீங்களா? இதுல எங்க ரத்தம் ஊறும்?"

சித்தப்பா சிரித்தார். "அந்த மாத்திரையில வையி."

வைத்தேன். அதுவும் ஒட்டவில்லை.

"அப்ப நர்சம்மாவும் ஏமாத்துது, போ."

மாத்திரையில் இருப்பது உப்பாக மாறிய இரும்பு, காந்தத்தில் இப்படி ஒட்டாது. பாதி சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா பாட்டிலை எடுத்து அக்கா பக்கம் வைத்தாள். மாத்திரையிலும் இரும்பு இல்லையென்று காந்தமே சொல்லிவிட்டதாம்.

17.8
காலையில் அக்காவைக் கண்ணாடி முன் இழுத்துப்போனேன். அவள் கீழ் இமையை இழுத்தேன். என்னுடையதையும். நர்சம்மா அப்படித்தான் பார்த்தார். என்னுடையது சிவப்பு. அவளுடையது தோசை மாவு.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்டி இவ்ளோ வெளுத்துக் கெடக்குது?"

"மாத்திரைய எப்பப் போட்ட?"

"காலையில எந்திரிச்சதும்."

"சாப்பிட்டுப் போடச் சொன்னாங்கல்ல? வெறும் வயித்துல போட்டா பொரட்டத்தான் செய்யும்."

மத்தியானம் சாப்பிட்டு ஒன்று விழுங்கினாள். அம்மா பக்கத்தில் சொம்போடு காவல், வாந்தி வருமென்று. வரவில்லை. அம்மா பாட்டிலை எடுத்துப் பரணில் வைத்தாள்.

18.8
வெயில். அக்கா இரண்டாவது மாத்திரை. லேசாகக் குமட்டல், அவ்வளவுதான். பெட்டி 1 வாசலில் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு ஈக்கள். தின்னட்டும், சேரட்டும்.

வேலியோரம் சித்தப்பா, கையில் காலி பாட்டில்.

"ரெண்டே ரெண்டு ஈ புள்ள."

வேலிப் படலைச் சாத்திக் கட்டிவிட்டேன்.