சோலார் புயலுக்குத் தார்ப்பாய்

தேவதானம்
வைகாசி 9

அன்பு மகன் லிங்கேஸ்வரனுக்கு, அம்மா பரிபூரணம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல உன் தங்கை அனுசியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆடு இரண்டு, போன லீவில் நீ நட்டுவிட்டுப் போன அறுபது தென்னம்பிள்ளை எல்லோரும் சௌக்கியம், என் கட்டைவிரல் மட்டும் இந்தக் கடிதம் முடிவதற்குள் சௌக்கியம் இழந்துவிடும் போலிருக்கிறது. அங்கே லடாக் பனியில் உன் உடம்பு எப்படி, காதை மூடுகிறாயா, சாக்ஸை ஈரத்தோடு போடுகிறாயா, சப்பாத்தி மட்டுமே தின்று வயிறு கட்டிக்கொள்கிறதா என்று அம்மா வரிசையாகக் கேட்கிறாள், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டுமாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். இது கடிதம் பாதி, எனக்குக் கொடுத்த தண்டனை பாதி. போனால் கெட்ட காரியத்தைப் பேனாவால் ஒப்புக்கொள் என்பது அப்பாவின் தீர்ப்பு. இன்னொன்று, நீ போன மாதம் கேட்ட கேள்விக்கு அம்மாவின் பதிலும் இதில்தான் இருக்கிறது. இன்னொரு பனிக்காலமும் மேலேயே இருக்கட்டுமா, லைன் போடுகிற குழுவுக்கு என்னை மூத்தவனாக வைக்கிறேன் என்று ஆபீசர் சொல்கிறார், அம்மா சரி என்றால்தான் பெயர் கொடுப்பேன் என்று கேட்டாயே, அது. அன்றைக்கு "பாப்போம்" என்று ஒரே வார்த்தை சொல்லி அம்மா போனை என் கையில் திணித்துவிட்டாள். நீ வைத்த பிறகு அவள் சொன்னதை இப்போது மறைக்காமல் எழுதச் சொல்கிறாள்: "பட்டாளத்துக்குப் போயும் எம்மவன் ஒயருதான் இழுக்கான், அத ராஜபாளையத்துலயே ஒரு எலக்ட்ரிக் கடையில நின்னு இழுத்திருக்கலாம்ல, எதுக்கு அம்புட்டு ஒசரத்துக்கு ஏறிப் போயி இழுக்கணும், ஒரு வருசம் போதும், இறங்கி வரச் சொல்லிரணும்." இதுதான் அப்போதைய முடிவு. நேரே கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே அண்ணே, நடுவில்தான் என் வண்டவாளம் இருக்கிறது.

எல்லாம் அந்தச் சனிக்கிழமை காலையில் நீ அனுப்பிய போட்டோவில் ஆரம்பித்தது. மலைக்கு மேலே வானம் குங்குமம் கொட்டியது மாதிரி சிவந்து கிடந்ததே, அதுதான். கூடவே ஒரு நிமிஷம் இருபது செகண்டுக்கு வாய்ஸ் மெசேஜ் வேறு. கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது, கேமராவில்தான் இவ்வளவு சிவப்பு, சூரியனிலிருந்து கிளம்பி வந்த புயலாம் என்று நீ பேசியதை நாற்பது செகண்ட் கேட்டேன். மீதி நாற்பதைக் கேட்கப் பொறுமை இல்லை, இந்தப் போட்டோவை வைத்து யாரையாவது மிரட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. அந்தக் கேட்காத நாற்பதுதான் பிறகு என்னை நாறடித்தது, அதற்கு வருகிறேன். முதலில் அகப்பட்டவர் அப்பா. டிவியில் அதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அப்பா பாதியில் வந்து உட்கார்ந்து என்ன புயல்ட்டி என்று கேட்டார். சூரியப் புயல் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் நாக்கு "சோலார் புயல்ப்பா, சோலாருக்குன்னே வர்ற புயல், பம்புசெட்டுல நிக்குற உங்க பேனல் எட்டும் பத்திரம்" என்று சொல்லிவிட்டது. சிரிப்பார் என்று பார்த்தேன். "ஏட்டி, நெசமாவா?" என்றார். பத்தாம் வகுப்பில் சயின்ஸில் தொண்ணூற்றெட்டு வாங்கிய வாயால் நிஜம்தான் என்றேன்.

நான் பல் விளக்கி வருவதற்குள் அப்பா நெல் காயப்போடுகிற நீலத் தார்ப்பாய் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். எட்டு பேனலையும் மூடி, நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டி, காற்றுக்குத் தூக்காமல் கல்லும் வைத்தாயிற்று. வருகிற வழியில் டீக்கடையில் வேறு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார், பக்கத்துத் தோட்டத்து சோலைராஜ் சித்தப்பாவும் தன் சோலாரை மூடிவிட்டார், தளவாய்புரத்தில் ஒருவர் பேனலையே கழற்றி வீட்டுக்குள் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாராம். மூன்று நாள் மோட்டார் ஓடவில்லை. உன் தென்னம்பிள்ளைகளுக்கு அப்பா சோலைராஜ் சித்தப்பா கிணற்றில் இறைத்துக் குடத்தில் சுமந்து ஊற்றினார், நானும் சுமந்தேன். உண்மையைச் சொன்னால் அடியில் முதுகு, சொல்லாவிட்டால் குடத்தில் இடுப்பு, இடுப்பே போகட்டும் என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் நமக்கு சோலார் மாட்டிய மெக்கானிக் காளிராஜுக்கு போன் போட்டு, தம்பி, புயல் கடந்துருச்சா, எப்ப பிரிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். "எந்தப் புயல்ணே, இங்க ஒரு தூத்தல் கூட இல்லையே" என்றானாம். அப்பா விவரம் சொல்லச் சொல்ல அவன் சிரித்த சிரிப்பு எனக்கு அடுப்படி வரை கேட்டது. அப்பா சிரிக்கவில்லை, தார்ப்பாயை மடித்துக்கொண்டு வந்து என் படிப்பு மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அடித்திருந்தால் தேவலை.

அதோடு போயிருந்தால் இது வெறும் கேலிக்கதை. லடாக்கிலிருந்து வந்த போட்டோவால் வீட்டில் நடந்த உண்மையான லடாய் அம்மாவோடுதான். (இதை எழுதாதே என்கிறாள், எழுதாவிட்டால் கதை நிற்கிறது.) அன்றைக்கு அந்தப் போட்டோவை அம்மாவுக்கும் காட்டி, உங்க மகன் இருக்குற ஊரு வானம் தீப்பிடிச்சிருச்சு என்று சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நீ தவறாமல் கூப்பிடுகிற நாள், போன் வரவில்லை. ஞாயிறு கெடுத்த ஞாயிறு என்று நான் ஒரு வார்த்தை விட்டேன், அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். நாங்கள் கூப்பிட்டால் கவரேஜ் இல்லை என்று ஒரு பெண் ஹிந்தியில் சொன்னாள். அப்பாவின் பேனலுக்கு முழுக் கவர், உனக்குக் கவரேஜே இல்லை, என்ன கொடுமை பார். நாள் போகப் போக அம்மா சாப்பாட்டைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு ஆட்டுக்கு வைத்தாள். பயந்துபோய் நான் நிஜமாகவே படித்துப் பார்த்து நிஜத்தையே சொன்னேன். அது தீ இல்லைம்மா, சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அதன் வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் வந்து ரேடியோவைக் கொஞ்ச நேரம் இரைய வைக்கும், பின்னாலேயே துகள்கள் கூட்டமாக ஒன்றிரண்டு நாளில் வந்து பூமியின் காந்தத்தில் மோதும், அதற்குக் காந்தப் புயல் என்று பெயர், அந்த மோதலில்தான் வானம் சிவக்கிறது, ஆளை ஒன்றும் செய்யாது, ஆள் நம்பியிருக்கிற சாமான்களைத்தான் செய்யும் என்றேன். "காந்தப் புயலோ என்னமோ, எனக்கு வயிறு காந்துதுட்டி" என்றாள். ஒரு வார்த்தை நம்பவில்லை. பொய் சொன்னபோது நம்பிய வீடு உண்மை சொன்னபோது, சும்மா கெட என்றது. யார் மேலும் குற்றம் இல்லை, என் கடையில் அதுவரை விற்ற சரக்கு அப்படி.

இரண்டாவது ஞாயிறும் போன் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அம்மா சேலை மாற்றிக்கொண்டு, வா என்றாள். ராஜபாளையத்தில் பால்ச்சாமி மாமா இருக்கிறாரே, சிக்னல் ரெஜிமெண்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் வீட்டுக்கு. மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் விசாரிக்காமல், கடைசியாக லிங்கு என்ன பேசினான், அதைப் போடு என்றார். போட்டேன். நாற்பது செகண்ட் தாண்டியது. நான் கேட்காத பாதியில் உன் குரல் வந்தது: "அனு, நாளைக்கு நாங்க மேல ஒரு போஸ்டுக்கு ஏறுறோம், பன்னெண்டு நாளைக்கு போன் இருக்காது. அம்மா தேடுவாக. நீ மறக்காம சொல்லிரு, வெளையாட்டா சொல்லாம ஒழுங்காச் சொல்லு, என்னா." அண்ணே, ஒன்பது நாள் அம்மா பட்ட பாடு அத்தனையும் என் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றாள். மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டுவிட்டு, மாமா வீட்டு அத்தையிடம், கொஞ்சம் மோர் இருந்தால் குடுங்க மதினி என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு மாமா பேசியதுதான் முக்கியம், அப்படியே எழுதச் சொல்கிறாள். நான் சொன்ன புயல் விஷயம் பொய்யா என்று அம்மா கேட்டாள். "புள்ள சொல்றது பொய்யில்ல தங்கச்சி, அது சொல்ற விதந்தான் கோளாறு" என்றார் மாமா. நூற்று அறுபது வருஷத்துக்கு முந்தி வந்த பெரிய புயலில் தந்திக் கம்பியெல்லாம் ஷாக் அடித்ததாம், சில ஊரில் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தப் புயல் கரண்டிலேயே தந்தி அடித்திருக்கிறார்கள். பிறகு வந்த இன்னொன்றில் கனடாவில் ஒரு மாகாணமே ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தது. இந்தத் தடவை கூட அமெரிக்காவில் சேட்டிலைட்டைப் பார்த்து நேராக ஓடுகிற டிராக்டர்கள் வழி தெரியாமல் விதைப்பு நேரத்தில் நின்றுபோயினவாம். (இதை அப்பாவிடம் சொன்னபோது, "வரப்பு தெரியாதாக்கும், வானத்துல இருக்கவங்கிட்டயா வழி கேப்பான்?" என்று ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.) நம் பக்கம் பூமியின் நடுப்பட்டை, அடி குறைச்சல்தான், ஆனால் சேட்டிலைட் எல்லோருக்கும் பொது என்றார் மாமா, நிஜமாகப் பெரியது ஒன்று வந்தால் கரண்டு, பேங்க், ரயில், விமானம், இந்த போன் எல்லாம் ஒன்றைப் பிடித்து ஒன்று தடுமாறும், எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது, அதற்காக நாளைக்கே வரும் என்று சோற்றை ஆட்டுக்கு வைக்கவும் வேண்டாம் என்றார். அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படி எல்லாம் நின்னுபோனா மலைமேல இருக்குற புள்ளைக ஒருத்தனோட ஒருத்தன் எப்படிப் பேசுவாக என்று கேட்டாள். மாமா சிரித்தார். "எதுக்கு தங்கச்சி ஒம் மவன் பனியில ஒயர் இழுக்கான்னு நெனைக்க? வானத்த நம்பாம, போஸ்டுக்கும் போஸ்டுக்கும் தரையோட தரையா ஒரு லைன் கெடக்கணும். சேட்டிலைட்டு கண்ணு மூடுற அன்னைக்கு, மேல ஒருத்தன் காலு பனியில மாட்டிக்கிட்டான், ஆளு அனுப்புங்கன்னு சொல்றதுக்கு அந்த ஒயருதான். அந்த லைன் அந்துபோனா ஏறிப் போயி முடிச்சுப் போடுறவன் ஒம்மவன். எங்க காலத்துல லைன்காரன் வந்துட்டான்னா டீயை அவனுக்குத்தான் மொதல்ல ஊத்துவோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டோரக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் சேத்தூர் தாண்டியது. பிறகு, நம்ம வீட்டுல அண்ணன் நம்பரு யாருக்காவது மனப்பாடமாத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியாது, போன் பட்டனை அமுக்கினால் உன் முகம் வரும், அவ்வளவுதான் தெரியும். உன் தபால் விலாசம் இரும்புப் பெட்டியில் ஒரு பழைய கவரில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் நம்பர், மாமா நம்பர், விலாசம் எல்லாவற்றையும் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் எழுத வைத்தாள். இப்போது அரிசி கழுவும்போது பத்து எண்ணையும் ஒப்பித்துக்கொண்டே கழுவுகிறாள், ஏழும் ஒன்பதும் மட்டும் இடம் மாறிக்கொள்கின்றன. மேலும் மாதம் ஒரு கடிதம் இங்கிருந்து வரும், அங்கிருந்தும் ஒன்று வர வேண்டும், ஒரு பக்கம் போதும், ஆனால் உன் கையெழுத்தாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறாள். இது கையில் வருவதற்குள் நீ கீழே இறங்கி போனும் செய்திருப்பாய், அதில் இந்தப் பதிலைக் கேட்காதே, சொல்ல மாட்டாளாம்.

மற்றபடி, அப்பா தார்ப்பாய் விஷயத்தை டீக்கடையில் தானே போய்ச் சொல்லித் தீர்த்துவிட்டார், தளவாய்புரத்துப் பேனலும் கட்டிலை விட்டு எழுந்துவிட்டது. உன் தென்னம்பிள்ளைகளில் மூன்று குருத்து விட்டிருக்கின்றன. நான் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் அண்ணே. ஒழுங்காகச் சொல்லு என்று நம்பி என்னிடம் ஒன்று சொன்னாய், நான் கேட்கக்கூட இல்லை. மன்னித்துவிடு. இந்த வரியில் சிலேடை எதுவும் இல்லை, தேடாதே. உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், காலுக்குக் கீழே பனி உறுதியாக நிற்க, கூட இருக்கிற பிள்ளைகளும் அவரவர் அம்மாவிடம் முழுசாகப் போய்ச் சேர அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறார்கள். எண்ணெய் தேய்க்காமல் உதட்டை வெடிக்க விடாதே. பதிலை நான் எழுதக் கூடாதாம், பேனாவைப் பிடுங்குகிறாள். இனி வருவது அம்மா கை.

லிங்கு ராசா, அஞ்சாப்பு படிச்ச எழுத்து, பெழ இருந்தா பொறுத்துக்க. பேரு குடுத்துரு. இன்னொரு பனிக்காலம் இருந்து ஒயர நல்லா இழுத்துக் கட்டிட்டு வா. எந்தத் தாயி பெத்த புள்ளையோ அந்தப் பக்கம் ஒத்தையில உக்காந்து கூப்புடுவான், அவனுக்குக் கேக்கணும்.

இப்படிக்கு
உன் அம்மா
பரிபூரணம்