வாளியில் ஊற்றாத மருந்து

செப்டம்பர் 5, சனி

இந்த வாரம் ஜெபக்கூடத்தைக் கழுவும் முறை என்னுடையது. தரை பரவாயில்லை. நாற்காலிகளும் பரவாயில்லை. அந்த வாளிதான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முன்வரிசைக்கு எதிரே ஒரு பெரிய வாளி வைப்பார்கள். ஆண்டவரை முழுக்க நம்புகிறேன் என்பவர்கள் எழுந்து போய்த் தங்கள் மருந்தை அதில் கொட்ட வேண்டும். சிரப், மாத்திரை, களிம்பு, கண்ணில் விடும் சொட்டு, எதுவானாலும். ‘ஒப்புக்கொடுத்தல்’ என்று அதற்குப் பெயர். கொட்டிவிட்டு வருகிறவர்களுக்குக் கைதட்டல். மறுநாள் வாளியைக் கழுவுகிறவளுக்குக் குமட்டல்.

மூடியைத் திறந்ததும் இருமல் மருந்தின் இனிப்பும் மீனெண்ணெயின் கவிச்சியும் ஒன்றாக முகத்தில் அடித்தன. மாத்திரைகள் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புக் கூழாகியிருந்தன. மேலே ஒரு கரப்பான், இன்னும் காலை ஆட்டிக்கொண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழிப்பறையில் ஊற்றினேன். வேதியியல் படித்தவள் செய்கிற வேலையா இது? என் பேராசிரியை பார்த்திருந்தால் பட்டத்தைத் திரும்பக் கேட்டிருப்பார்.

அடியில் ஏதோ கடகடவென்றது. கையை விட்டு எடுத்தேன். நீல இன்ஹேலர். பக்கத்தில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.

யாருடையது என்று தெரியும். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் தையற்கார அக்காவின் மகளுடையது. ஒன்பது வயது. மூச்சிரைப்பு. நேற்று நான் சாட்சி சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து வாளிப் பக்கம் போனாள். என்ன போடுகிறாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே குனிந்து என் மகள் வண்டுவின் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

நான் சொன்ன சாட்சி இதுதான்: ‘போன மாதம் என் நான்கு வயது மகளின் வலிப்பு மருந்தை இந்த வாளியில் ஊற்றினேன். இருபத்தெட்டு நாளாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.’

இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது? ஊற்றியது சர்க்கரைப் பாகும் கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயமும். மருந்து எங்கள் சமையலறை அலமாரியில், பழைய வெனிலா எசன்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பழுப்புக் கண்ணாடி, வெளிச்சம் படாது. காலையில் இரண்டரை மில்லி, மாலையில் இரண்டரை மில்லி. என் கணவருக்கும் தெரியாது.

இன்ஹேலரைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கை நாறுகிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

காலை 2.5. மாலை 2.5. “அம்மா, இன்னும் கொஞ்சம் வெனிலா” என்றாள். நான் எதைக் கொடுத்தாலும் இனிப்பு என்று நம்புகிறவள்.

செப்டம்பர் 8, செவ்வாய்

இன்ஹேலரின் பிளாஸ்டிக்கைக் கழுவி, உலர வைத்து, உள்ளே இருந்த குப்பியைத் துடைத்து மாட்டி, இரண்டு தடவை காற்றில் அழுத்திப் பார்த்தேன். வேலை செய்கிறது. கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கொடுத்துவிடலாம் என்றுதான்.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு ஊசி. என்னைப் பார்த்ததும் ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“வாம்மா சாட்சிக்காரி. உன்னாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு தெரியுமா.”

“பொண்ணு எப்படிக்கா இருக்கா?”

“கொஞ்சம் இழுக்குது. இழுக்கட்டும். உன் வண்டுக்கு வலிப்பையே நிறுத்தினவரு, என் பொண்ணுக்கு ஒரு மூச்ச நிறுத்த மாட்டாரா?” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பாரு என் வாய. மூச்சிரைப்பன்னு சொல்ல வந்தேன்.”

அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேனே, சனியன். கை பைக்குள்ளேதான் இருந்தது. பட்டாம்பூச்சி ஸ்டிக்கரின் ஓரம் விரலில் தட்டியது. “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னால் அவர் —

அவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கூட்டம்தான் விட வைத்தது. அதற்கு முன்னால் இருந்த வீட்டை நான் எழுத மாட்டேன். இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், வண்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். ஒரு செங்கலை உருவினால் எது வரை சரியும் என்று யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் 10, வியாழன்

போதகர் வீட்டுக்கு வந்தார். வண்டுவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அப்போது அந்த வாடை.

கூடத்திலும் சில நாளாக வருகிற வாடைதான். நான் வாளியைச் சந்தேகப்பட்டேன், செத்த எலியைச் சந்தேகப்பட்டேன். அவர் பூசியிருந்த வாசனை எண்ணெய்க்கு அடியிலிருந்து வந்தது. நாற்காலிக்குக் கீழே பார்த்தேன். இடது கால் உறை ஈரமாக இருந்தது. மஞ்சளாக. ஒரு ஈ அதில் உட்கார்ந்து, எழுந்து, திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். மறைக்கவில்லை.

“சுகர் மாத்திரைய வாளியில போட்டு ரெண்டு வருஷமாச்சும்மா. கால்ல சின்னப் புண்ணு. சோதிக்கிறாரு. சோதிக்கட்டும்.”

இவர் வேஷக்காரராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். இல்லையே. இரண்டு வருடத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் வாந்தியில் புரண்டு கிடந்த என் கணவரைத் தூக்கி வந்து, தன் கையாலேயே கழுவி, வேறு சட்டை போட்டுப் படுக்க வைத்தவர். அன்றைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

போகும்போது வண்டு, “அங்கிள், உங்களுக்கும் வெனிலா தரவா?” என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் அவள் கன்னத்தைத் தட்டி, “அடுத்த வாட்டி சாப்பிடுறேன் தாயி” என்றார்.

அவர் போனதும் என் கணவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். அவருக்கும் வாடை அடித்திருக்கிறது. எல்லோருக்கும் அடிக்கிறது. யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது.

இரண்டாவது பாடவேளை. நான் வேலை பார்க்கும், அக்கா மகளும் படிக்கும் பள்ளியின் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் பிள்ளைகளின் சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்குகிறது. உதடு நீலம். அழக்கூட மூச்சு இல்லை.

ஒன்பது நாளாக என்னிடம் இருந்ததைப் பையிலிருந்து எடுத்தேன். ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. அவள் அதன் ஸ்டிக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துவிட்டாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை நான் முழுவதும் கேட்கவில்லை.

அக்கா ஓடி வந்தாள், தோளில் அளவுநாடா தொங்கியபடியே. என் மேல் விழுந்து அழுதாள். அப்புறம் சொன்னாள்:

“எல்லாம் என்னாலதான். போடும்போதே மனசுக்குள்ள ஒரு ஓரமா பயந்தேன். உன்ன மாதிரி முழு மனசா குடுக்கல. அதான் இப்படி.”

முழு மனசா. என்னை மாதிரி.

டாக்டர் எழுதிக் கொடுத்த புது மருந்துச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். “வாங்கமாட்டேன். இந்தத் தடவை சரியா குடுப்பேன்” என்றாள்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? வாய் இருந்துச்சுல்ல? தொண்டையில வந்து நின்னுச்சு, முழுங்கிட்டேன். வாந்திய முழுங்குற மாதிரி.

செப்டம்பர் 15, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. பகல் முழுவதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது நாளாக நான் என்ன ஜெபித்தேன் என்று ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். வண்டுவைச் சுகமாக்கும், சுகமாக்கும் என்றுதான். ஏன்? அவள் சுகமானால் மருந்தை நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும். அதாவது, ஆண்டவரே, நான் பொய் சொல்லிவிட்டேன், அதை நீர் மெய்யாக்கித் தாரும் என்று கேட்டிருக்கிறேன். என் பொய்க்கு அவரை ஜாமீன் நிற்கச் சொல்லியிருக்கிறேன். தூ.

மருந்து கொடுத்ததில் எனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை. அது இன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த இரண்டரை மில்லியில்தான் நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன். மீறியது கைதட்டலில்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறீர் என்று கேட்டேன். வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் இத்தனை நாள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வாரக் கூட்டத்தில்.

அவர் திரும்பவும் குடித்தால்? அதையும் நம்பி உம்மிடம் விட வேண்டுமா? அதையுமா?

செப்டம்பர் 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சாட்சி நேரத்தில் எழுந்தேன். போதகரம்மா மகிழ்ச்சியாக மைக்கை நீட்டினார். வெனிலா பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

“போன மாசம் நான் வாளியில ஊத்துனது மருந்து இல்ல. சர்க்கரைத் தண்ணி. மருந்து இதுல இருக்கு. ஒரு நாள்கூட நிறுத்தல. அதனாலதான் எம் பொண்ணுக்கு வலிப்பு வரல. நான் பொய் சொன்னேன். என்னை நம்பி யாரும் நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு மறுபடியும் ஆரம்பிச்சுருங்க.”

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல்: “படிச்ச திமிரு.” இன்னொன்று: “மேடை ஏறி மைக்கப் புடிச்சு பொய் சொல்ல வாய் கூசலயா?”

கூசியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தையற்கார அக்கா எழுந்து நேராக என்னிடம் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். என் முகத்துக்கு வெகு அருகில் நின்று, “ஒன்பது நாளு அத உன்கிட்டயே வச்சிருந்தியா?” என்றாள். ஸ்டிக்கரைப் பார்த்ததை மகள் சொல்லியிருக்கிறாள். “ஆமாக்கா” என்றேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

போதகர் நாற்காலியில் அப்படியே இருந்தார். கோபம் இல்லை. முகம்தான் ஒரேயடியாகக் களைத்துப் போயிருந்தது. “அப்போ ஆண்டவர் ஒண்ணும் செய்யலையாம்மா?” என்றார்.

“செஞ்சாருங்க ஐயா. மருந்து குடுத்தாரு.” அதோடு நிறுத்த நினைத்தேன். முடியவில்லை. “ஐயா, உங்க கால் அழுகுது. இங்க எல்லாருக்கும் நாத்தம் அடிக்குது. உங்க மேல உள்ள மரியாதைக்காக ஒருத்தரும் சொல்லல. நீங்க எங்க வீட்டுக்காரரக் கழுவுனீங்க. அதனால நான் சொல்றேன்.”

யாரோ “அடிப்பாவி” என்றார்கள். போதகரம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தினமும் அந்தப் புண்ணின் கட்டை அவிழ்த்துக் கழுவுகிறவர் அவர்தானே.

திரும்பிப் பார்த்தேன். என் கணவரின் நாற்காலி காலியாக இருந்தது. வண்டு பக்கத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

வரவில்லை. போனும் எடுக்கவில்லை. 2.5. 2.5.

செப்டம்பர் 21, திங்கள்

காலையில் வந்தார். கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம் மோப்பம் பிடித்தது. நாய் மாதிரி. அவருக்குத் தெரிந்துவிட்டது.

“குடிக்கல” என்றார். “கடை வாசல் வரைக்கும் போனேன்.”

மூன்று இரவும் ஒரு கட்டடத்தில், மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் படுத்திருக்கிறார். சட்டையில் கிரீஸ் வாடை. வேறு எந்த வாடையும் இல்லை.

“அவங்ககிட்ட சொல்லாதது சரி. என்கிட்ட ஏன் சொல்லல?”

பதில் என்னிடம் இருந்தது. உங்கள் மேல் நம்பிக்கை இல்லை, அதனால். சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 26, சனி

வண்டுவுக்கு வலிப்பு வந்தது. காலை ஒன்பது மணிக்கு, மருந்து கொடுத்த பிறகு. மருந்து குடித்தும் எப்போதாவது வரலாம் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனாலும்.

எச்சில் வழிந்தது, கண் மேலே போனது, கீழே ஈரமானது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவர் முழங்காலிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விநாடி எண்ணினார். அறுபத்தைந்து விநாடி. பிறகு அவரே அவளைத் துடைத்து, உடை மாற்றினார்.

மாலைக்குள் விஷயம் பரவிவிட்டது. “பாத்தியா, கைமேல பலன்” என்று மாடிப்படியில் ஒருத்தி, எனக்குக் கேட்கும்படியாக.

எனக்கு அருவருப்பு அவள் மேல் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நானும் மூலையில் ஒரு பேரத்தை ஒளித்து வைத்திருந்தேன். அது இன்று கையோடு பிடிபட்டது. அதையும் வாளியில் போடுகிறேன். இதைத்தான் போடச் சொன்னாரோ என்னவோ.

இன்று கூலி எதுவும் கேட்காமல் ஜெபித்தேன். பேச்சு அதிகம் வரவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 3, சனி

நேற்று முதல் வெள்ளி. போதகருக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்திருக்கிறார்கள், அதனால் கூட்டமே இல்லை. மதியம் போதகரம்மா வந்தார், மாத்திரைப் பட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு. எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் குடித்தார். “உன் மேல அவருக்குக் கோவம்தான்” என்றார். “ஆனா மாத்திரைய முழுங்குறாரு.”

படியில் தையற்கார அக்காவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கியது, பட்டாம்பூச்சி பூத்தையல் போட்டது. அதன் வாயில் நீல முனை எட்டிப் பார்த்தது. அந்தப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் என்னைப் பார்த்து விரலை அசைத்தது.

மாலையில் நான் எழுவதற்குள் என் கணவரே அலமாரியைத் திறந்தார். வெனிலா பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டார். ஆஸ்பத்திரிப் பெயர் ஒட்டிய புது பாட்டிலை எடுத்து, சொட்டுக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார். லிஃப்ட் கம்பியைப் பார்க்கிற அதே பார்வை.

“வெனிலா” என்று வண்டு வாயைத் திறந்தாள்.

“வெனிலா இல்லடா” என்றார். “இது மருந்து. சொல்லு.”

“மருந்து.”

“ம். இப்ப குடி.”