கவிழ்த்துக் கட்டிய சட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

புஷ்பம் அக்கா இன்றைக்கும் வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு வந்திருந்தார். புயலுக்குப் பிறகு அவருடைய கணவரின் படகு எங்கள் கண்காணிப்புத் திரையில் இல்லை. படகு நிற்குமிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அன்டெனாவை அதில் பூட்டியவள் நான்தான்.

இன்று புதிதாக ஒன்றைச் சொன்னார். அன்டெனா வெயிலில் பழுதாகிவிடும் என்று, படகு வெளிக்கிட முதல் தானே அதன்மேல் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கட்டினாராம்.

கூட வந்த கணவரின் தம்பி சீறி விழுந்தான். "உங்கட சட்டியாலதான் அண்ணன எங்கயெண்டு தேட ஏலாமக் கிடக்கு மச்சாள்."

அக்கா அழுதபடி என்னைப் பார்த்தார். "அப்ப சட்டிதான் மறைக்குதா புள்ள? படகு இரிக்குதானே?"

சட்டி மூடியிருந்தால் முதல் நாளே சிக்னல் வந்திராது. புயலடிக்கும் வரை ஒழுங்காக வந்தது. மனைவியின் கண்முன்னே கழற்ற மனமில்லாமல், கரை மறைந்த பிறகு அந்த மனிதர் கழற்றியிருப்பார். சிக்னல் நின்றது சட்டியால் அல்ல. இதைச் சொன்னால் அக்கா மேல் பழி இல்லை. ஆனால் படகும் இல்லை.

"ஓம் அக்கா, சட்டியாத்தான் இரிக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் திரும்பினார். "கேட்டியா தம்பி? நான் கட்டின சட்டிதானாம்!"

அந்தக் குரலில் எவ்வளவு சந்தோசம். நாளைக்கும் வருவார்.