விண் கட்டாத விமானம்

28.12.2024, சனி
பொங்கல் பட்டப் போட்டிக்கு இந்த முறை விமானமாம். மார்கழி பிறந்தால் வல்வெட்டித்துறை ஆண்களுக்கு வீட்டு வேலை கண்ணில் படாது. என் கணவர் பிரவீணனும் அதே ஆள். விறாந்தை முழுக்க மூங்கில். டைகர் மொத் என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் புதியவர்களுக்கு ஓட்டப் பழக்கிய சின்ன விமானம். மேலும் கீழுமாய் இறக்கைகள், முன்னால் வாத்தியார், பின்னால் மாணவன். ஆகாயத்து 'எல் போட்' வாகனம்! அசலுக்கும் இறக்கை துணிதானாம். ஆகவே தையல் என் தலையில்.

02.01.2025
மேல் இறக்கை முடிந்தது. மஞ்சள் துணி. தையல் கோணல்.

05.01.2025, ஞாயிறு
இன்று விண் கட்டிப் பார்த்தார். பட்டத்தின் தலையில் கட்டும் வில். காற்றில் நார் அதிர்ந்து கூவும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் இவர் பெரிதாக இரண்டு கட்டியிருக்கிறார். தூரத்தில் குண்டு போட வரும் பொம்பர் மாதிரியே — நான் தையல் மெசினுக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன்?

"என்ன தேடுறீர்?"

"ஊசி விழுந்திட்டுது."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஊசி தேடுகிறேன். இவர் மூன்று வயதில் வள்ளத்தில் இந்தியா போய்த் திருச்சியில் வளர்ந்தவர். அந்தச் சத்தம் தெரியாது.

09.01.2025
விண் கூவுகிற கூவலுக்கே பரிசு நிச்சயம் என்று இவரின் சிநேகிதர் றொகான் சொல்லிவிட்டுப் போனார். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். சொல்ல மனம் வரவில்லை.

11.01.2025
சொல்லிவிட்டேன். என் கூடப்பிறந்த கீர்த்திகன் அண்ணையைப் பற்றி. பொம்பர் வந்த நேரம் நாங்கள் எல்லாரும் பங்கர்க் குழிக்குள்ளை காதைப் பொத்திக்கொண்டு இருக்க, "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" எண்டு வெளியிலை போனவர். பதினேழு வயசு. வரேல்லை. நான் அந்தப் பிளேனைப் பாக்கவே இல்லை. சத்தம் மட்டுந்தான் தெரியும்.

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"பயம் தெரியாத ஒராள் வீட்டிலை இருந்தது எனக்கு ஆறுதலா இருந்தது."

அவர் கத்தியை எடுத்து இரண்டு விண்ணையும் அறுத்தார். வேண்டாம் என்று நான் தடுத்தேனா? இல்லை. வெட்கமாக இருக்கிறது.

14.01.2025, தைப்பொங்கல்
கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. கயிற்றில் நானும் ஒரு கை. மஞ்சளாய், ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பியது. கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தேன்.

"விண் இல்லாமல் உதென்ன ஊமைப் பட்டம்?" என்றார் றொகான்.

"பழகிற பிளேன்தானே. கதைக்க இனித்தான் பழகும்" என்றார் இவர்.

பரிசு இல்லை. அண்ணை பார்க்கப் போனது இப்படி ஒன்றாக இருந்திருக்கக் கூடாதா?

02.02.2025, ஞாயிறு
காலையில் பலாலி விமான நிலையத்துக்குப் போகும் விமானம் தாழப் பறந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் குசினி மேசைக்குக் கீழே போய்விட்டேன். ஒரு பட்டத்தோடு மாறிவிடும் என்று நினைத்தேனா?

பிரவீணன் வந்தார். இந்த முறை என்ன தேடுறீர் என்று கேட்கவில்லை. குனிந்து, தானும் உள்ளே வந்து பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கு அந்த மேசை போதாது. சத்தம் ஓயும்வரை முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தோம்.