மண் ஊற வைக்கப்பட்டதா?

பயிற்சி நிலைய விடுதி,
சனிக்கிழமை காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இந்தக் கடிதத்தை வழக்கம்போல நம் மகள் வாலுவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். பத்து வயதுப் பெண் வாசிக்கிற சங்கதி இல்லை இது. அதற்காகத்தான் எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். கூட்டிக் கூட்டி நீங்களே படியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம். வாலுவை உங்கள் அக்கா வீட்டிலிருந்து இன்றைக்கே நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அவளைக் கூட்டி வந்த பிறகு உட்கார்ந்து மிச்சத்தைப் படியுங்கள். இதைக் கொண்டுவருகிறவர் என்னோடு படிக்கிற லாரிக்காரர், செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். அவரிடமும் இதை வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். காரணம் அவருக்குத் தெரியாது. ஒரு டீ கொடுத்து அனுப்புங்கள்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொல்ல வந்தேன், இரண்டு நாளில் மூன்று தடவை. நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துவிடுகிறீர்கள். பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இழுத்தால், "சரி சரி, நேர்ல வந்து பேசிக்கலாம்" என்று நீங்களும் வைத்துவிடுகிறீர்கள். இது நேரில் வரும்வரை காத்திருக்கிற பேச்சு இல்லை.

இங்கே நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நடக்கிறது. ஆறு கட்டில் போட்ட அறையில் நான் ஒருத்திதான், ஏனென்றால் வகுப்பில் பத்தொன்பது ஆண்களும் நானும். முதல் வாரம் வீட்டுக்காரருக்குப் பதிலாக வந்திருக்கிறாயா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். உண்மையைத்தான் சொன்னேன். கட்டுகிறவர் அவர், அவரைவிட நன்றாகக் கழிவுநீர்த் தொட்டி கட்ட இந்த வகுப்பில் ஒருவரும் இல்லை, ஆனால் இனிமேல் அதற்கு லைசென்ஸ் வேண்டும், அதை வாங்கப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டுமாம், அவர் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், அதனால் நான் வந்தேன் என்றேன். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருப்பதால் எனக்கு 'ரைட்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வேலையில் இருபது வருடமாக நான் ரைட்டர்தானே, புதுசா என்ன என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயரைச் சொல்லி இப்போது யாராவது கூப்பிட்டால் உடம்பு கூசுகிறது.

பாடம் எடுக்கிற மேடம் சின்னப் பெண். இருபத்தாறு வயது இருக்கலாம். முதல் நாள் அவரைப் பார்த்து ஒரு மேஸ்திரி, "வாத்தியார் எப்பம்மா வருவார்?" என்று கேட்டார். அவர் எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், குழிக்குள் இறங்கி, முழங்கைவரை கையைச் சேற்றில் விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுத்தார். பிசைந்து கட்டைவிரலால் தள்ளினால் அது நாடாவாக நீளும். எவ்வளவு நீளுகிறதோ மண்ணில் அவ்வளவு களி. நீங்கள் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றி மிதித்துப் பார்த்தே சொல்லியிருப்பீர்கள். நான் அதைச் சொல்லி வகுப்பில் பெருமை அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கிற பாடம் வந்தது. இது நமக்குத் தெரியாததா என்று அசட்டையாகப் போனேன். காய்ந்த களிமண்ணில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினோம். ஓர் அங்குலம் இறங்க நாலு நிமிடம். ஆஹா என்று எல்லோரும் எழுதிக்கொண்டோம். மேடம் மறுபடி மறுபடி நிரப்பி, ராத்திரி முழுக்க ஊற விட்டு, மறுநாள் அதே குழியில் ஊற்றி அளக்கச் சொன்னார். அதே ஓர் அங்குலம் இறங்க ஐம்பத்தைந்து நிமிடம். காய்ந்த களியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்குமாம். முதல் நாள் ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் ஓடி ஒளிந்துகொள்ளும், நாம் மண் குடித்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். ஊறின பிறகு களி உப்பி வெடிப்பை அடைத்துக்கொள்ளும். மறுநாள் வருவதுதான் நிஜக் கணக்கு. அதை வைத்துத்தான், தொட்டியிலிருந்து வழிகிற கழிவுநீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சு குழி எவ்வளவு பெரிது என்று முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் தொட்டி கட்ட அனுமதி கேட்டு அலுவலகத்தில் கொடுக்கிற படிவத்தில் அந்தக் கேள்வியே இருக்கிறது: முந்தைய நாள் மண் ஊற வைக்கப்பட்டதா?

உங்களுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கும். வராவிட்டால் நான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மேடம் பழைய படிவங்கள் சிலவற்றைப் படம் எடுத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினார். பெயர், முகவரி எல்லாம் கறுப்பு அடித்திருந்தது. பொய்யாக நிரப்பிய படிவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பாடம். மூன்றாவது படிவம் வந்தது. களிமண் என்று எழுதியிருக்கிறது, ஓர் அங்குலத்துக்கு ஐந்து நிமிடம் என்றும் எழுதியிருக்கிறது, ஊற வைக்கப்பட்டதா என்ற இடத்தில் 'ஆம்'. மேடம் சிரித்துக்கொண்டே, "எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு பாருங்க" என்றார். வகுப்பே சிரித்தது. லாரிக்காரர், "யாருடா இந்த மகராசன், களிமண்ணைக் கடற்கரை ஆக்கிட்டான்" என்றார். அந்த 'ம்' புள்ளியை நான் சின்ன வட்டமாகத்தான் போடுவேன், உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வளையம்கூட அப்படியே இருந்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக் கொல்லையில் நாம் இரண்டு பேரும் நின்றோம். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோக நாள் குறித்துவிட்டார்கள். கொத்து வேலைக்காரர்கள் நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் காலையில் குழி வெட்டி, காலையிலேயே ஊற்றி, வாட்சைப் பார்த்தீர்கள். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தின நாளே ஊறணும்னு போட்டிருக்கே என்று கேட்டேன். நீங்கள், "ஆமான்னு போடு. தண்ணிக்குத் தேதியா தெரியும்?" என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஜோக்கை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன், உங்கள் மேல் மட்டும் பழியைப் போட இந்தக் கடிதம் எழுதவில்லை.

அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் நாம் அந்த உறிஞ்சு குழியை அவ்வளவு சின்னதாகக் கட்டினோம். கிணறு அதற்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. குழி குடிக்க முடியாததை மேலே கக்கும், கக்கியது பள்ளம் பார்த்துப் போகும். எங்கே போகிறது என்று பார்க்க ஓர் அடையாளம் சொன்னார் மேடம். மழை இல்லாத நாளிலும் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்குமாம். போன மாதம் அக்கா என்ன சொன்னார்கள்? "கிணத்துக்குப் பின்னாடி நான் ஒரு சொட்டுத் தண்ணி விடுறதில்ல, புல்லு எப்படிக் கொழிக்குது பாரு. எல்லாம் என் தம்பி கைராசி." இதை வகுப்பில் உட்கார்ந்து நினைத்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நான் இங்கே வந்து ஐந்து வாரம். நீங்கள் விடியுமுன்னே வேலைக்குப் போகிறீர்கள் என்று குழந்தையை அங்கே விட்டோம். இந்த ஐந்து வாரத்தில் அவளுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. இரண்டாவது தடவை நீங்கள் போனில், "கணக்குப் பரீட்சை வருதுல்ல, நடிக்கிறா கழுதை" என்று சிரித்தீர்கள். நானும் ஐஸ் வாங்கித் தராதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நமக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. நானே என் கையால் எழுதிக் கொடுத்து அவளை அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். தண்ணீர் கெட்டுத்தான் போயிருக்கிறது என்று இன்னும் யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. 

வியாழக்கிழமை சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் எல்லோரும் குடிக்க வேண்டும், இங்கே வகுப்பில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்றேன். அவர்களுக்குக் கோபம். "எங்க கிணத்துத் தண்ணிக்கு என்ன குறைச்சல்? சர்க்கரையாட்டம் இருக்கு. உன் மவளுக்கு வேணா வச்சுத் தர்றேன்" என்றார்கள். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் அம்மா போன பிறகு உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்களுக்கு என்று நீங்கள் செய்து கொடுத்தது அந்த ஒரு தொட்டிதான். வருகிறவர் போகிறவரை எல்லாம் கொல்லைக்குக் கூட்டிப்போய் மூடியைக் காட்டுவார்கள். அதை நான் எப்படிப் போனில் உடைப்பேன்? உடைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், அந்த இரண்டு நாளும் அவர்கள் அதைத்தான் குடித்திருப்பார்கள்.

நீங்கள் கோபப்படப் போகிற இடம் இனிமேல்தான் வருகிறது. நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மேடத்திடம் போய், அந்த மூன்றாவது படிவம் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் சரி என்று இருந்துவிடுவேன், அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. படிவத்தைப் பற்றித் திட்டுவார் என்று நின்றேன். அவர் முதலில் கேட்டது வாலுவுக்கு என்ன வயது என்று. பிறகு, காய்ச்சல் உண்டா, எத்தனை நாள் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கொதிக்க வைப்பது மட்டும் போதாது, அந்தக் கிணற்றை உடனே நிறுத்துங்கள் என்றார். மறைக்க முடியாது, அலுவலகத்துக்கு எழுதத்தான் வேண்டும், திங்கட்கிழமை காலை தண்ணீர் எடுத்துச் சோதிக்க ஆள் போவார்கள் என்றார். பரீட்சை எழுத என்னை விடுவார்களா என்று கேட்டேன். "தெரியலக்கா, பொய் சொல்ல எனக்குப் பிடிக்கல" என்றார். லைசென்ஸ் இல்லாமல் போனால் உங்கள் கை சும்மா இருக்க வேண்டிவரும், அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நீங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பீர்கள். இந்தத் தடவை அதற்கு நேரம் இல்லை. கோபத்தை நான் வந்த பிறகு மொத்தமாகக் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வாலுவை டாக்டரிடம் காட்டும்போது கிணற்றைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். நம் வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாக அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், கிணற்று வாளியை அவிழ்த்து எடுத்து வந்துவிடுங்கள். திங்கட்கிழமை தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டி அக்காவுக்குச் சொல்லக் கூடாது. உங்கள் வாயால் தெரிய வேண்டும். அழுவார்கள். பக்கத்தில் இருங்கள். என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு அந்தக் கொல்லையில், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டுங்கள். இன்று முழுக்க, ராத்திரியும், தண்ணீர் குறையாமல் ஊற விடுங்கள். நாளைக்கு அளங்கள். அக்காவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். புதுப் படிவம் ஒன்று இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பழைய படிவத்தில் 'ஆம்' என்று இரண்டு எழுத்து எழுதினேன். 'இல்லை' என்று மூன்று எழுத்து எழுதியிருந்தால் ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் படிவத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. எல்லாக் கட்டமும் காலியாக இருக்கிறது. எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை, நீங்களே நிரப்புங்கள், என்ன வருகிறதோ அதையே எழுதுங்கள். தேதியையும் போடுங்கள். தண்ணீருக்குத் தேதி தெரியும்ங்க.

என் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ரைட்டர்